அப்பாவுக்காகத் தேர்ந்தெடுத்த பாட்டில்கள்

துடியலூரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்த அப்பாவின் வீட்டுக்கு ஒரே பஸ்தான். நெரிசல் இல்லாவிட்டால் அரை மணி நேரம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போகும் கண்ணாடி பாட்டில்கள், மூடிகள், கொதிநீர் எல்லாமே அந்த அரை மணி நேரத்தைத் தினமும் போகாமல் இருப்பதற்கு நான் கண்டுபிடித்த வழி. அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பாவுக்காகச் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அப்பாவுக்காகத்தான் செய்தேன். இரண்டும் உண்மைதான்.

அப்பாவுக்குக் கன்னத்தின் உள்பக்கம் கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் கட்டியோடு கீழ்த்தாடைப் பற்களையும் எடுத்துவிட்டார்கள். பிறகு கரண்ட் வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, இனி எதையும் அரைத்துத்தான் கொடுக்க வேண்டும், காரமும் புளிப்பும் ஆகாது, எடை குறையக் கூடாது என்று சொன்னார்கள். எடைதான் முக்கியம் என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். ஒரு டப்பா சத்து மாவும் எழுதிக்கொடுத்தார். அதைப் பாலில் கரைத்தால் அப்பாவுக்குக் குமட்டியது. பழக்கூழில் கலந்து கொடுத்தால் குடித்துவிடுவார்.

அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டாள். நான் ஒரே பெண். அப்பா, தான் வேலை பார்த்த பம்பு கம்பெனிக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டிலேயே தனியாக இருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் லேத்தில் நின்றவர். எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்படி என் கணவர் இரண்டு முறை நேரில் போய்க் கூப்பிட்டார். இரண்டாவது முறை நானும் கூட இருந்தேன்.

"மாப்பிள்ளை சொன்னதே போதுமுங்க," என்றார் அப்பா. வாயின் ஒரு பக்கம்தான் அசைந்தது. என் கணவர் வெளியே போனபின் என்னிடம், "சம்பந்தி ஊட்ல போயி ஒக்காந்துட்டு, அந்தம்மா எதுர்ல வாயொழுக வாயொழுகக் குடிக்கறதா? வேண்டாங்கண்ணு. நாலு நாளைக்கு ஒருக்கா வந்து எட்டிப் பாத்துட்டுப் போ. அது போதும்" என்றார்.

நான் வற்புறுத்தவில்லை. என் பெண்ணுக்கு அப்போது பத்து மாதம். மாமியார் முழங்கால் வலியால் அடுப்படிக்கு வந்து நிற்க முடியாமல் இருந்தார். இன்னொருவரையும் என்னால் பார்த்துக்கொள்ள முடியுமா என்று எனக்குப் பயம் இருந்தது. அப்பா வேண்டாம் என்று சொன்னபோது எனக்குள் கொஞ்சம் மூச்சு இறங்கியது. அந்த மூச்சை நான் மறக்கவில்லை.

ஞாயிறும் புதனும் போவது என்று வைத்துக்கொண்டேன். காலைக்கும் ராத்திரிக்கும் கஞ்சியோ ராகிக் கூழோ அவரே வைத்துக்கொள்வார். பகல் இரண்டு வேளைக்குப் பழக்கூழும் அந்த மாவும். கூழை ஒரேயடியாகச் செய்து கொடுத்தால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். குளிர்ந்தது வாயில் பட்டால் அவருக்கு உயிர் போகிற மாதிரி கூசும். எடுத்து எடுத்துச் சூடு பண்ணினால் இரண்டாம் நாளே நாறிவிடும். அதனால்தான் பாட்டில். பழக்கூழைச் சின்னப் பாட்டில்களில் அடைத்து, மூடியைப் போட்டு, பாட்டிலோடு கொதிக்க வைத்துக் காற்றை வெளியேற்றிவிட்டால் ஃபிரிட்ஜ் இல்லாமலே மாதக்கணக்கில் இருக்கும் என்று போனில் படித்தேன். ஒரு வேளைக்கு ஒரு பாட்டில். திறந்தால் மாவைக் கலந்து குடித்துவிடலாம். மிச்சம் வைக்க வேண்டியதில்லை.

நான் எதையும் முழுதாகப் படிக்காமல் தொடமாட்டேன். பெண் பகலில் தூங்கும்போதெல்லாம் படித்தேன். பருப்பையும் காய்கறியையும் இப்படி வெறும் தண்ணீரில் கொதிக்க வைத்து அடைக்கக் கூடாது, உள்ளே ஒரு விஷம் உண்டாகும், அதற்கு வாசனையும் இருக்காது சுவையும் இருக்காது என்று போட்டிருந்தது. பழம் பரவாயில்லை, அதுவும் கொஞ்சம் எலுமிச்சை சேர்த்தால்தான் பத்திரம் என்றது. வாய்ப்புண் ஆறிக்கொண்டிருந்த மனுஷனுக்கு எலுமிச்சையா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். டாக்டரிடம் போனில் கேட்டேன். சில துளி என்றால் ஒன்றும் செய்யாது என்றார். போனை வைத்துவிட்டு, 'சில' என்றால் எத்தனை என்று கேட்கவில்லையே என்று மறுபடி கூப்பிட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

பாட்டிலுக்கு முதலில் காந்திபுரத்தில் அலைந்தேன். எல்லாம் அலமாரியில் அழகுக்கு வைக்கிறவை. மூடியில் மரத்துண்டும் சணல் கயிறும். கொதிநீரில் போடலாமா என்று கேட்டால் கடைக்காரப் பெண்ணே என்னைத் திருப்பிக் கேட்டாள், "எதுக்குங்க்கா அதைக் கொதிக்க வெக்கறீங்க?" கடைசியில் யாரோ சொல்லி, டவுன் ஹாலுக்குப் பின்னால் ஒரு சந்தில் பாட்டில் மொத்தமாக விற்கிற ஒரு பாய் கடைக்குப் போனேன். குழந்தை இடுப்பில். கடை முழுக்க ஓலைப் பாயில் சுற்றிய பாட்டில்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன.

"ஊறுகா பிசினசுங்களா அம்மணி?" என்று கேட்டார் பாய்.

"இல்லீங்க பாய். ஊட்டுக்குத்தான்."

முதலில் கம்பி வைத்த பாட்டிலை எடுத்துக் காட்டினார். கண்ணாடி மூடி, நடுவில் ரப்பர் வளையம், பக்கத்தில் கம்பியைக் கீழே தள்ளினால் இறுகும், மேலே தூக்கினால் விட்டுவிடும்.

"ரப்பர் கொதியில தாங்குங்களா?"

"தாங்குமுங்க."

"எத்தனை நேரம் தாங்கும்?"

"அதென்னமோ, நானெங்க கொதிக்க வெச்சுப் பாத்தனுங்க?"

கம்பி துருப்பிடிக்குமா, ரப்பர் வாசம் கூழில் ஏறுமா, ரப்பர் சரியாக உட்கார்ந்ததா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். பாய் குழந்தையைப் பார்த்து, "ஏஞ்சாமி, உங்கம்மா டீச்சருங்களா?" என்றார். குழந்தை அவர் தாடியைப் பிடிக்கக் கை நீட்டியது. அவர் கம்பி பாட்டிலை உள்ளே வைத்துவிட்டு, தகர மூடி போட்ட பாட்டில் ஒன்றை எடுத்தார். ஜாம் பாட்டிலுக்கு வருகிற மாதிரி திருகு மூடி. மூடியின் உள்பக்கம் மெழுகு போல ஒரு பூச்சு. நடுவில் சின்ன மேடு.

"இது அமுங்கியே இருந்துச்சுன்னா காத்து உள்ள போகலைன்னு அர்த்தமுங்க. ஒருக்காப் புடிச்சுதுன்னா மாமியாகாரி புடிச்ச புடியாட்டம். லேசுல உடாது."

எனக்கு வேண்டியது அதுதான். கண்ணால் பார்த்து நிச்சயம் செய்துகொள்ளக்கூடிய ஒன்று. அகல வாயாகப் பார்த்து எடுத்தேன், ஸ்பூன் அடிவரை போக வேண்டும், கையை விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கி, கண்ணாடிக்குள் குமிழி இருக்கிறதா என்று பார்த்தேன். வாய் விளிம்பில் விரலை ஓட்டி, சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். நகத்தால் தட்டிச் சத்தம் கேட்டேன். அடுக்கி வைத்ததில் ஐந்தை ஒதுக்கினேன்.

"பொண்ணுப் பாக்க வந்தவங்ககூட இத்தன பாக்கமாட்டாங்க," என்றார் பாய். ஆனாலும் அந்த ஐந்தையும் மாற்றிக் கொடுத்தார்.

இப்போது யோசித்தால், அந்தக் கடையில் நான் கேட்காத கேள்வியே இல்லை. கண்ணாடியைப் பற்றிக் கேட்டேன், ரப்பரைப் பற்றிக் கேட்டேன், துருவைப் பற்றிக் கேட்டேன். யார் திறக்கப்போகிறார் என்பதை மட்டும் நான் என்னிடமே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்பா என்றுதான் சொல்லியிருப்பேன், கவலைப்பட்டிருக்கமாட்டேன். அப்பாவின் கை அப்படி. சின்ன வயதில் எங்கள் தெருவில் யார் வீட்டு சிலிண்டர் வால்வு இறுகினாலும், யார் சைக்கிள் நட்டு துருப்பிடித்தாலும், அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். எண்ணெய் ஏறி, ரேகையெல்லாம் கறுத்துப்போன கை. என் மனதில் அவர் கை அங்கேயே நின்றுவிட்டது.

முதல் தடவை ஒரு பாட்டில் அடுப்பிலேயே விண்டுபோனது. ஆறின பாட்டிலில் கொதிக்கிற கூழை ஊற்றியது என் தப்பு. அடுத்த முறை பாட்டிலையும் சூட்டிலேயே வைத்து, குண்டானின் அடியில் துணியை மடித்துப் போட்டு, பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டாமல் நிறுத்தினேன். மேலே ஒரு விரல் இடம் விட்டு ஊற்றினேன். விளிம்பில் ஒரு துளி கூழ்கூட இல்லாமல் துடைத்தேன். வெளியே எடுத்துத் துணியின் மேல் வைத்தபின் ஒவ்வொன்றாக மூடி உள்ளே இழுத்துக்கொண்டு 'டிக்' என்றது. அந்தச் சத்தத்துக்குப் பெண் கைதட்டியது. அதே மாம்பழக் கூழில் எலுமிச்சை விடும் முன் ஒரு கிண்ணம் எடுத்து அவளுக்கும் ஊட்டினேன். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

அப்பா முதல் பாட்டிலைக் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். "அச்சுலயே மரை நல்லா உழுந்திருக்குது," என்றார். முப்பது வருஷம் இரும்பில் மரை வெட்டியவர். பாட்டில் வாயில் இருக்கிற திருகு வரிகூட அவருக்கு மரைதான். முதல் பாட்டிலை நானே திறந்து காட்டினேன். எனக்கே ஈரத்துணியைச் சுற்றிப் பிடித்து இரண்டாம் முறைதான் திரும்பியது. "பாத்தீங்களாப்பா, எவ்வளவு டைட்டா இருக்குதுன்னு," என்றேன் பெருமையாக. அவர் அந்தக் கூழில் மாவைக் கலந்து, ஸ்பூனால் வாயின் நல்ல பக்கம் வைத்து வைத்து முழுதாகக் குடித்தார். துண்டால் துடைத்துக்கொண்டு, "உங்கம்மா கூட இத்தன பக்குவமாப் பண்ணமாட்டாள்" என்றார். அது பொய் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

பாட்டில்கள் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தன. வெறுமனே வரவில்லை. தின்பண்டம் வந்த பாத்திரத்தை எங்கள் பக்கம் யாரும் காலியாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அப்பா ஒரு பாட்டிலில் வறுத்த கடலை, ஒன்றில் கற்கண்டு, ஒன்றில் பேரீச்சை என்று நிரப்பி, "பாப்பாவுக்கு" என்பார். பெண்ணுக்கு அதெல்லாம் தின்கிற வயசே இல்லை. நான் வீட்டில் கொட்டி வைத்துவிட்டு, பாட்டிலை மறுபடி கொதிக்கப் போடுவேன்.

மூன்றாம் வாரம் திரும்பி வந்த மூடிகளில் விளிம்பு நசுங்கியிருந்தது. எல்லா மூடியிலும் ஒரே இடத்தில், சின்னதாக உள்ளே குத்தின தடம்.

"மூடிய எதுலப்பா குத்துனீங்க?"

"திருப்புளிலதாங்கண்ணு. ஓரத்துல வெச்சு லேசா நெம்புனா டப்புனு காத்து உள்ள போயிருது. அப்பறம் ரெண்டு வெரல்ல தொறந்துக்கலாம்."

"ஐயோ அப்பா! அப்படியெல்லாம் பண்ணாதீங்க. விளிம்பு வளைஞ்சா அடுத்த தடவை மூடி சரியாவே புடிக்காது. உள்ள கெட்டுப் போயிருந்தா மோந்து பாத்தாலும் தெரியாதுங்கப்பா. உசுருக்கே ஆபத்து. தெரியுதுங்களா?"

"அப்படியா? எனக்குத் தெரியாம போச்சு," என்றார். "சரிங்கண்ணு. இனிப் பண்ணலை."

அவர் ஏன் நெம்ப வேண்டியிருந்தது என்று நான் கேட்கவில்லை. வேலைக்காரர், கையில் ஒரு ஆயுதம் இல்லாமல் எதையும் தொடமாட்டார் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அடுத்த நாளே பாய் கடைக்கு என் கணவரை அனுப்பி, புது மூடியாகவே ஒரு பை வாங்கிவரச் சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் புது மூடிதான் போட்டேன். இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் புது மூடி போடுகிறவளுக்குப் பழைய மூடி வளைந்தால் என்ன, நசுங்கினால் என்ன? நெம்பிக்கொள்ளுங்கப்பா, நல்லா நெம்பிக்கொள்ளுங்க என்று போய்ச் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. புது மூடி பழையதைவிட இன்னும் இறுகிப் பிடிக்கிறது என்று பார்த்து நிம்மதிப்பட்டேன்.

அதன் பிறகு வந்த மூடிகளில் ஒரு கீறல்கூட இல்லை. சொன்னால் கேட்டுக்கொள்கிறாரே என்று நினைத்தேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் எடை குறைந்திருந்தது. அதற்கடுத்த முறை இன்னும் குறைந்திருந்தது. "சாப்பிடறாரா?" என்று டாக்டர் கேட்டார். "சாப்பிடறாருங்க. பாட்டில் எல்லாம் காலியாத்தான் வருது," என்று நான்தான் பதில் சொன்னேன். அப்பா பக்கத்து நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மாவின் அளவைக் கூட்டச் சொன்னார் டாக்டர். நான் பாட்டில்களின் எண்ணிக்கையைக் கூட்டினேன்.

இன்னொன்றையும் நான் பார்த்தேன், பார்த்தும் படிக்கவில்லை. அப்பா சட்டை போடுவதை நிறுத்திவிட்டார். எப்போது போனாலும் பனியனும் தோளில் துண்டும்தான். ஆஸ்பத்திரிக்கு வரும்போது மட்டும் சட்டை, அதுவும் மேலே இரண்டு பட்டன் திறந்து. "வேக்காடு கண்ணு," என்றார். ஆடிக்காற்று அடிக்கும்போது என்ன வேக்காடு? நான் பட்டனைப் போட்டுவிட்டேன். அவரும் குழந்தை மாதிரி நின்றுகொண்டார்.

அந்தப் புதன்கிழமை நான் பையைத் தூக்கிக்கொண்டு லைன் வீட்டு வாசலுக்கு வரும்போது, அடுத்த வீட்டு அக்கா குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். அப்பாவிடம் அவ்வளவு மரியாதை. என்னைப் பார்த்ததும் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

"ஏனுங்க, உங்களப் பாத்தா ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். அந்த மாம்பழத்துக்கு ஏலக்கா போடறீங்களா? எங்க பொண்ணு ஸ்கூல் உட்டு வந்ததும் அதத்தான் கேக்குது. வேற எதக் குடுத்தாலும் வேண்டாங்குது."

எனக்கு முதலில் புரியவில்லை. ஒரு நாள் ருசி பார்க்கக் கொடுத்திருப்பார் என்று நினைத்து, "அப்படிங்களா," என்று சிரித்தேன்.

"நானும் அய்யாகிட்ட வேண்டாமுங்க, வேண்டாமுங்கன்னு சொல்லிட்டேதான் இருக்கறேன். கேட்டாத்தானுங்க. 'எம்மக நெறையா அனுப்பிப்போடுது, வீணாப் போகுது, கொழந்தைக்குக் குடு'ன்னு டெய்லி கொண்டாந்து வெச்சுட்டுப் போயிடறாரு. மூடிதான் கல்லாட்டம் இருக்குதுங்க. எங்க ஊட்டுக்காரர் வந்துதான் தொறக்கோணும். பாட்டலை நல்லா கழுவித்தான் குடுக்கறேன், பாத்தீங்கல்ல?"

"பாத்தேனுங்க. எத்தன நாளா குடுக்கறாருங்க?"

"ரெண்டு மாசம் இருக்குமுங்க." அதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "ஏனுங்க, எதாச்சும் தப்பாப் போச்சுங்களா? நாங்க வாங்கியிருக்கக் கூடாதுங்களா?"

"இல்லீங்க, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றேன். "ஏலக்காதானுங்க. ரெண்டே ரெண்டு தட்டிப் போடறேன்."

அவ்வளவு மரியாதையாகப் பேசிவிட்டு உள்ளே போனேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, தம்ளர் டீயில் பன்னைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்துக்கொண்டிருந்தார். சத்து மாவு டப்பா அலமாரியில் இருந்தது. நான் போன மாதம் வாங்கி வைத்தது. மேலே ஒட்டியிருந்த தாள்கூடக் கிழிக்கப்படவில்லை.

நான் கத்தினேன். அதையும் எழுதத்தான் வேண்டும். குழந்தை பயந்து அழுகிற அளவுக்குக் கத்தினேன். "ஏம்ப்பா சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரித்துப் பார்த்தார், ஏதோ வேறு யாருடையதோ மாதிரி. "மருந்து ஏத்துனதுல இருந்து வெரலெல்லாம் மரத்துக் கெடக்குதுங்கண்ணு. புடிச்சிருக்கறனா இல்லையான்னே தெரியறதில்லை. தோளும் தூக்க முடியலை. இந்த மூடி நமக்கு அடங்கலை."

"பக்கத்து ஊட்ல தொறந்து குடுக்கச் சொல்றதுதானுங்களே?"

"மொத நாலஞ்சு நாளு அப்படித்தான் பண்ணினேன். அந்தத் தம்பி வேலைக்குப் போயிட்டா அந்தப் புள்ளைகிட்டப் போயி நிக்கோணும். அதுக்கும் ஆவறதில்லை, அரிவாமணையெல்லாம் எடுத்துட்டு வந்து மல்லுக்கட்டுது. ஒரு நாளைக்கு ரெண்டுக்கா போயி ஒரு பொம்பளப் புள்ளைகிட்ட இதத் தொறந்து குடும்மான்னு நிக்கறதா?" வாயோரம் ஒழுகியதைத் துடைத்துக்கொண்டார். "வீணாக்க மனசு வரலை. அதான் கொழந்தைக்குக் குடுத்துட்டேன்."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா லூசா மூடிக் கொண்டு வந்திருப்பேனேப்பா."

"நீதான் காத்து உள்ள போச்சுன்னா வெசம்னு சொன்னியே கண்ணு," என்றார். குற்றம் சொல்லவில்லை. எனக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னார். "இந்தக் கைக்கொழந்தைய இடுப்புல வெச்சுட்டு, இத்தனையும் தூக்கிட்டு பஸ்ல வர்ற. உங்கிட்டப் போயி, இது எனக்கு ஆவலைன்னு எப்படிச் சொல்றது?"

அன்றிலிருந்து நான் தினமும் போனேன். அரை மணி நேரம்தான். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டார், அதுவும் முடியத்தான் செய்தது. காலையில் கூழைச் செய்து ஒரு தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டு போய், மாவைக் கலந்து, பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்தேன். முதல் நாள் அரைக் கிண்ணம் குடித்தார். அடுத்த நாள் அதிலும் பாதி. மூன்றாம் வாரம் ஒரு வாய் உள்ளே போனதும் இரும ஆரம்பித்து, கண் செருகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி மறுபடி வந்திருந்தது, தொண்டைப் பக்கம். மூக்கு வழியாகக் குழாய் போட்டு, இனி வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள்.

டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். அந்த இரண்டு மாதம் அவர் சரியாகச் சாப்பிட்டிருந்தால் தாங்கியிருப்பாரா என்று. "அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா. வர்றது வந்துதான் இருக்கும்," என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். அவர் அடுத்த சீட்டை எடுத்துவிட்டார். மறுபடி போன் செய்து கேட்கவில்லை. என்ன பதில் வந்தாலும் நான் அதையும் நம்பியிருக்கமாட்டேன்.

குழாயோடு அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தெம்பில்லை. யார் எதிரில் வாயொழுகச் சாப்பிடக் கூச்சப்பட்டாரோ, அந்த மாமியார்தான் பகலெல்லாம் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். "உங்களுக்கு மூக்கு, எனக்கு முட்டி. நாம ரெண்டு பேரும் இங்கியே கெடப்போம், அவ அங்க வேலையப் பாக்கட்டுமுங்க சம்பந்தி," என்பார். அப்பா சிரிப்பார். இதை முதல் மாதமே செய்திருக்கலாம். யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். பஸ்ஸும் வேண்டாம், பாட்டிலும் வேண்டாம்.

முப்பத்தெட்டு நாள் இருந்தார். நான் நாள் கணக்கை வைத்துக்கொள்கிற ஆள்தான்.

குழாயில் எது போனாலும் நாக்குக்குத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் நான் ஊசியில்லாத சிரிஞ்சும் கிண்ணமுமாக வந்தால், "இன்னைக்கு என்ன?" என்று கேட்பார். ராகிங்கப்பா என்பேன். கஞ்சிங்கப்பா என்பேன். அவர் தலையாட்டுவார். ஒரு நாள் வீட்டில் எல்லோருக்கும் அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கினேன். அப்பாவுக்கு அதென்றால் அவ்வளவு பிடிக்கும். அதிலேயே ஒரு கரண்டி எடுத்து, குழைய வேகவைத்து, மிக்சியில் அடித்து, வெந்நீர் விட்டு இரண்டு தடவை வடிகட்டினேன். நெய் விடலாமா என்று யோசித்து, குழாய் அடைத்துக்கொள்ளும் என்று விடவில்லை.

"இன்னைக்கு என்ன கண்ணு?"

"அரிசிம்பருப்புங்கப்பா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்தேன், அது மெதுவாக இறங்கியது. அவர் வாய், அந்த நல்ல பக்கம், மெல்லுகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தது. பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"உப்புப் பத்தலை."

மாமியார் சிரித்துவிட்டார். அப்பா கேலி செய்கிறார் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நான் குழாயை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். கிண்ணத்தில் மிச்சமிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புச் சரியாகத்தான் இருந்தது. மறுபடி தொட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. ஒரு சிட்டிகை உப்பை எடுத்துப் போட்டுக் கலக்கி, மூன்றாம் தடவை வடிகட்டி, எடுத்துக்கொண்டு போய் மிச்சத்தையும் இறக்கினேன்.

"இப்பங்கப்பா?"

"இப்பச் சரி," என்றார் அப்பா.